கீழே விரித்த வலை

பெருங் கட்டடமொன்றைக் காண்போர் அதன் உயரத்தை வியப்பர். கட்டுவித்தவர் பெயரை வினவுவர். செலவான பணத்தைக் கணக்கிடுவர். அதன் உச்சியில் நின்று இறுதி உருக்குத் துலாத்தைப் பொருத்திய தொழிலாளி எதைப் பற்றிக்கொண்டு நின்றான், அவன் கால் வழுக்கியிருந்தால் அவனைத் தாங்குதற்கு யாது இருந்தது என்று வினவுவோர் மிகச் சிலரே. திறப்புவிழாக் கல்வெட்டிலும் அச் செய்தி இடம்பெறுவதில்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. விழுந்தவனுக்கு ஆறுதல் கூறுதற்கே அதனை நாம் பெரும்பாலும் எடுத்தாள்கின்றோம். பொறியியலாளன் ஒருவன் அதனைக் கேட்பானாயின் அவனுக்கு அது வேறொரு பொருளையும் தரவேண்டும். நாற்காலில் நிற்கும் யானைக்கே அடி சறுக்குமாயின், இரு காலில் ஒரு சாண் அகலப் பலகைமீது நிற்கும் மனிதனுக்கு என்றாவது ஒரு நாள் சறுக்கியே தீரும். சறுக்குதல் உறுதி என்று தெரிந்தபின், சறுக்கியவன் சாகாதிருக்க வழிசெய்தல் வேலை செய்விப்போனின் கடன். அக் கடனை உணர்ந்து நடந்த ஒரு பொறியியலாளரின் கதையையும், அக் கதையினுள்ளேயே அமைந்த ஒரு துயரத்தையும் ஈண்டுக் கூறுவோம்.

பொன்வாயிற் பாலம்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், சன் பிரான்சிஸ்கோ விரிகுடா பசிபிக் சமுத்திரத்தோடு கலக்கும் நீரிணைக்குக் கோல்டன் கேற், அஃதாவது பொன்வாயில், என்று பெயர். அதன் குறுக்கே ஒரு தொங்குபாலம் அமைக்கும் வேலை 1933-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 5-ஆந் திகதி தொடங்கிற்று. நீர்மட்டத்தின்மேல் 746 அடி உயர்ந்த இரு கோபுரங்கள். அவற்றிடையே 4,200 அடி நீளமான நடுவெளி. வண்டிகள் செல்லும் தளமோ கடலுக்குமேல் இருநூறு அடிக்கு மேற்பட்ட உயரத்தில். அத்துணை நீண்ட நடுவெளியையுடைய தொங்குபாலம் அதற்குமுன் உலகில் எங்கணும் இருந்ததில்லை.

அவ்விடத்தின் இயற்கை தொழிலாளருக்குப் பகையாகவே இருந்தது. சமுத்திரத்திலிருந்து ஓயாது வீசும் காற்று. திடீரெனச் சூழ்ந்து கொள்ளும் மூடுபனி. அப் பனியில் நனைந்து வழுக்கும் உருக்கு. கீழே குளிர்ந்த கடலின் கடுநீரோட்டம். காலமும் அவர்களுக்குப் பகையே. 1929-ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார மந்தத்தால் இலட்சக்கணக்கானோர் வேலையின்றித் திரிந்தனர். ஒருவன் விழுந்தால் அவனிடத்துக்கு இன்னொருவன் மறுநாளே கிடைப்பான். இத்தகைய காலத்தில் தொழிலாளியின் உயிரைப் பெரிதாக எண்ணவேண்டிய நிர்ப்பந்தம் எந்த ஒப்பந்தக்காரனுக்கும் இருக்கவில்லை.

உயிருக்கு ஒரு கணக்கு

அந்நாளில் அமெரிக்கப் பாலத் தொழிலில் ஒரு வாய்க்கணக்கு வழங்கிற்று. பத்து இலட்சம் டொலர் செலவாகுமிடத்து ஓர் உயிர் போகும் என்பதே அது. சீமெந்து இத்தனை அந்தர், உருக்கு இத்தனை தொன் என்று மதிப்பிடுவது போன்றே உயிரையும் முன்கூட்டி மதிப்பிட்டனர். பொன்வாயிற் பாலத்தின் செலவு ஏறத்தாழ மூன்றரைக் கோடி டொலர். வாய்க்கணக்கின்படி முப்பத்தைந்து பேர் மாளவேண்டும். அதே விரிகுடாவில் அதே ஆண்டுகளில் எழுந்து, 1936-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட ஓக்லந்துப் பாலத்தின் வேலையில் இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆதலின் அக் கணக்கு வெறும் வாய்ப்பேச்சன்று.

அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஸ்கொட்லாந்தில் போர்த் ஆற்றுக் கழிமுகத்தின்மேல் புகையிரதப் பாலம் அமைத்தபோதும் இதுவே நிகழ்ந்தது. 1882 முதல் 1890 வரை நடந்த அவ் வேலையில் மாண்டோர் 57 பேர் என்று நெடுங்காலம் கூறப்பட்டது. பிற்காலத்தில் ஆராய்ந்தோர் அத்தொகை 73 எனக் கண்டனர். இறந்தோரின் எண்ணிக்கையே நூறாண்டின் பின் திருத்தப்பட வேண்டியிருந்தது என்றால், அவர்களை அன்று யார் எத்துணைக் கவனமாக எண்ணியிருப்பர்? எனினும் அங்கே ஒரு நற்செயலும் நடந்தது. விழுந்தோரை மீட்பதற்கெனப் பாலத்தின் கீழே படகுகளை நிறுத்தியிருந்தனர். அப்படகுகள் எட்டுப் பேரையேனும் உயிருடன் கரைசேர்த்தன.

படகு, விழுந்தவனை நீரிலிருந்து எடுக்கும். நீரைச் சேருமுன்னரே அவனை ஏந்திக்கொள்ள முடியுமா? பொன்வாயிற் பாலத்தின் தலைமைப் பொறியியலாளர் யோசேப் ஸ்ட்ரௌஸ் இவ்வினாவுக்கு விடை கண்டார்.

பாதி வழியில் மீண்டவர்கள்

தளம் அமைக்கும் வேலை தொடங்கியபோது, பாலத்தின் கீழே ஒரு கரை தொடங்கி மறு கரை வரைக்கும் கயிற்று வலை விரிக்கச் செய்தார் அவர். பாலத்தின் அகலத்துக்கு அப்பாலும் இருபுறமும் பத்தடி வீதம் அது நீண்டிருந்தது. சர்க்கஸ் கொட்டகையில் ஊஞ்சலாடுவோருக்குக் கீழே கட்டும் வலையை ஒப்பது. ஆனால் மைல் கணக்கில் எண்ணத்தக்க நீளமுடையது. அதற்குச் செலவானது 1,30,000 டொலர்.

இஃது ஒன்றே அவர் செய்த ஏற்பாடு அன்று. சுரங்கத் தொழிலாளர் அணியும் தொப்பியை மாற்றியமைத்து, வேலைத்தலத்தில் எல்லாரும் வன்தொப்பி அணியவேண்டும் என்று விதித்தனர். கண் கூசாதிருக்க நிறக்கண்ணாடி, காற்றினின்று முகத்தையும் கையையும் காக்கப் பூச்சுமருந்து, இடுப்பிற் கட்டிக்கொள்ளக் கயிறு என்பனவும் வழங்கப்பட்டன. உயரத்தில் நின்று வேடிக்கை காட்டி வீரம் பேசுவோர் உடனே வேலையினின்றும் நீக்கப்படுவர் என்ற கட்டளையும் இருந்தது. வேலைக்கு ஆள் மலிந்த அக்காலத்தில் இக் கட்டளைக்குப் பெரும் வலிமையிருந்தது.

வலை என்ன செய்தது? பத்தொன்பது பேரை ஏந்திக்கொண்டது. கால் தவறிக் கடலை நோக்கி வீழ்ந்த பத்தொன்பது மனிதர் வலையிற் கிடந்து எழுந்தனர். அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு அதற்கு 'நரகத்துக்குப் பாதி வழிச் சங்கம்' என்று பெயரும் சூட்டினர். மரணத்தைப் பாதி வழியிற் கண்டு மீண்டவர்களுக்கே அத்தகைய நகைச்சுவை வாய்க்கும். கீழே வலை இருக்கின்றது என்ற துணிவினால் தொழிலாளர் முன்னிலும் விரைந்து வேலை செய்தனர் என்றும் கூறுவர்.

இங்கே மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். வலையின் செலவைப் பத்தொன்பதால் வகுத்தால் ஓர் உயிருக்கு ஏழாயிரம் டொலருக்குக் குறைவாகவே வரும். பாலத்தின் முழுச் செலவோடு ஒப்பிட்டால் நூறு டொலருக்கு நாற்பது சதமும் ஆகவில்லை. பாதுகாப்புக்குப் பணமில்லை என்று கூறுவோர் இக் கணக்கை ஒருமுறை நோக்குதல் நன்று.

வலையும் கிழிந்த நாள்

1933-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 1936-ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வரை, ஏறக்குறைய நான்காண்டுகள், அங்கே ஓர் உயிரும் போகவில்லை. பாலத் தொழில் அறிந்தோர் இதனை அற்புதமெனவே கருதினர். ஒக்டோபர் 21-ஆந் திகதி பாரந்தூக்கி ஒன்று சரிந்து ஒருவரைக் கொன்றது. அதுவே முதல் மரணம்.

பின்னர் 1937-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 17-ஆந் திகதி வந்தது. பாலம் முடிவடைய இன்னும் மூன்று மாதங்களே இருந்தன. தளத்தின் கொங்கிறீற்று இறுகிவிட்டமையால், அதன் அடியிலிருந்த மரப் பலகைகளைக் கழற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்காகப் பாலத்தின் அடிப்புறத்தில், சில்லுகளில் ஊர்ந்து செல்லும் தொங்குமேடையொன்று அமைத்திருந்தனர். திடீரென அம் மேடையின் பிடி விட்டது. பல தொன் நிறையுடைய அம் மேடை, பன்னிரண்டு மனிதரோடு வலைமீது வீழ்ந்தது. மனிதனைத் தாங்குதற்கென்று முடைந்த வலை அப் பாரத்தைத் தாங்குமா? அது கிழிந்தது, மேடை, வலை, மனிதர் யாவும் ஒருங்கே கடலுட் சென்றன. பதின்மர் மாண்டனர். இருவர் மாத்திரம் உயிர் தப்பினர்.

ஆக, பொன்வாயிற் பாலத்தில் இறந்தோர் பதினொருவர். அவருட் பதின்மர் ஒரே நாளில், ஒரே விபத்தில் மாண்டவர்கள். 1937-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆந் திகதி பாலம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இத்துயரம் புகட்டும் பாடம் யாது? வலை வீண் என்பதா? பத்தொன்பது பேர் உயிருடன் இருந்தமையே அதற்கு மறுமொழி. வலை இரண்டாவது காவல்; முதற் காவல், மனிதன் நிற்கும் மேடை. மேடை உறுதியாக இருந்து மனிதன் மட்டும் சறுக்கினால் வலை காக்கும். மேடையே சறுக்கினால் வலையும் கைவிடும். முதற் காவலில் விட்ட குறையை இரண்டாவது காவலால் எக்காலத்தும் முழுதாக நிரப்ப முடியாது.

விழுதலின் விஞ்ஞானம்

விழுகின்றவன் எதையேனும் எட்டிப் பற்றிக்கொள்ளலாமே என்று எண்ணுவோர் உளர். பௌதிகம் படிக்கும் மாணவர்க்கு அது கூடுமா என்பது தெரியும். பத்தடி உயரத்திலிருந்து விழுபவன் நிலத்தை அடைய ஒரு செக்கனும் செல்லாது. நிலத்தை மோதும்போது அவன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீற்றர். இருபதடியாயின் ஒரு செக்கனுக்குச் சற்றே மேல். வேகம் மணிக்கு 39 கிலோமீற்றர். பொன்வாயிற் பாலத்தளத்தின் உயரத்திலிருந்து வீழ்வோன் நான்கு செக்கனுக்குள் நீரை அடைவான். வேகமோ மணிக்கு 130 கிலோமீற்றர் அளவில் இருக்கும். அவ்வேகத்தில் நீரும் கல்லுக்கு நிகர்.

ஆனால் வேகம் கொல்வதில்லை. வேகம் திடீரென நின்றுபோவதே கொல்லும். ஆறு மீற்றர் உயரத்திலிருந்து விழும் உடல், கடினமான நிலத்தில் ஆறு சென்ரிமீற்றர் தூரத்துள் நிறுத்தப்படுமாயின், அதன்மீது தாக்கும் விசை உடலின் நிறையைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. அதே உடலை ஒரு வலை ஒன்றரை மீற்றர் தொய்ந்து கொடுத்து நிறுத்துமாயின் அவ்விசை ஐந்து மடங்கு அளவில் அடங்கிவிடும். வலையின் இரகசியம் முழுவதும் இதுவே: அது விழுபவனுக்கு மெல்ல நிற்கும் அவகாசத்தை அளிக்கின்றது.

இடுப்புப் பட்டியின் குறையும் இதே கணக்கினாற் புலப்படும். விழுந்து தொங்கும்போது இழுவிசை முழுவதும் இடுப்பு ஒன்றிலேயே விழுந்து உள்ளுறுப்புக்களையும் முதுகெலும்பையும் சிதைக்கும். ஆதலின், விழுபவனைத் தாங்குதற்கு இடுப்புப் பட்டியைப் பயன்படுத்தலாகாது என்று 1998-ஆம் ஆண்டு ஜனவரி முதல் அமெரிக்காவில் விதித்தனர். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி விசையைப் பகிர்ந்தளிக்கும் முழு உடற்கச்சே இன்று வழக்கிலுள்ளது. அக் கச்சும் உறுதியான இடத்தில் கொளுவியிருந்தால் மாத்திரமே கச்சு. இல்லாவிடின் வெறும் அணிகலன்.

உயரம் சிறிது, ஆபத்து பெரிது

வலையும் கச்சும் சட்டமும் வந்தபின் இவ்விபத்துக்கள் மறைந்தனவா? இல்லை. 1970-ஆம் ஆண்டிலேயே தொழிற் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய அமெரிக்காவில், 2022-ஆம் ஆண்டில் கட்டட நிர்மாணத் தொழிலில் இறந்தோர் 1,069 பேர். அவருள் 395 பேர் உயரத்திலிருந்து கீழே விழுந்தே இறந்தனர். நூற்றுக்கு முப்பத்தேழு என்க. அந்நாட்டில் நிர்மாண வேலையில் ஆறடிக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்போனுக்குத் தடுப்பு வேலியோ வலையோ உடற்கச்சோ இருத்தல் பொதுவிதி. விதி ஏட்டில் இருந்தும் உயிர் போகின்றது.

அவர்களெல்லாம் வானளாவிய மாடங்களிலிருந்து வீழ்ந்தவர்கள் என்று எண்ணவேண்டா. பெரும்பாலோர் வீழ்வது சாதாரண கூரையிலிருந்தும் ஏணியிலிருந்தும் சாரத்திலிருந்துமே. சிறு ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்கு வேலை செய்வோரே அவருட் பலர். பெரிய வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் உண்டு, பரிசோதகர் வருவார். 'அரை மணித்தியால வேலைதானே' என்று ஏறும் சிறு கூரையில் யாரும் வருவதில்லை; கீழே வலையும் இருப்பதில்லை.

இவ்விடத்திற் பொன்வாயிற் பாலத்தின் கதை நம் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடுகின்றது. பாலம் கட்டுவோர் சிலர். வீடு கட்டாதார் யார்? நம்மூரில் மேசனையும் ஓட்டுவேலைக்காரனையும் வர்ணம் பூசுவோனையும் அழைத்து வேலை கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் அந்த ஒரு கிழமைக்கு ஸ்ட்ரௌஸின் இடத்தில் நிற்கின்றார். பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை கட்டட வேலைக்குச் செல்லும் மாணவர் பலர் உளர் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்போர் யாவரும் அறிந்ததே. அனுபவமில்லாத அப் பிள்ளையையே, உடல் இலேசானவன் என்ற காரணத்தால், உயரத்துக்கு ஏற்றிவிடும் வழக்கமும் உண்டு.

நாம் செய்யத்தக்கவை

பாதுகாப்பு அறிஞர் கூறும் ஒழுங்கு மூன்று படிகளாகும். உயரத்தில் ஏறாமலே அவ் வேலையைச் செய்ய முடியுமா என்று பார்ப்பது முதற்படி. நிலத்திலேயே பொருத்தி மேலே தூக்கிவைக்கக்கூடிய வேலைகள் பல. ஏறியே ஆகவேண்டுமாயின் விழாதிருக்கத் தடுப்பு வேலியும் உறுதியான மேடையும் அமைத்தல் இரண்டாம் படி. அவையும் இயலாவிடின் வலை, உடற்கச்சு ஆகியவற்றால் வீழ்ச்சியின் கேட்டைக் குறைத்தல் மூன்றாம் படி. நம்மிற் பலர் இம் மூன்றையும் விட்டு, 'கவனமாய்ச் செய் தம்பி' என்ற நாலாம் படியில் தொடங்குகின்றோம். அச்சொல் அன்பினால் எழுவதே. ஆயினும் சொல் ஒருவரையும் ஏந்திக்கொள்ளாது.

ஏணியைச் சார்த்தும்போது, நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் அதன் அடி சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும். நுனி கூரை விளிம்புக்குமேல் மூன்றடியாவது நீண்டு, கயிற்றாற் கட்டப்பட்டிருத்தல் நன்று. சாரத்தின் பலகைகள் இடைவெளியின்றி நெருங்கிக் கிடக்கவேண்டும்; முதல் நாள் மழையில் நனைந்த கயிற்றையும் மரத்தையும் மறுநாட் காலை சோதித்தபின்னரே ஏறுதல் வேண்டும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் வேய்ந்த கூரை. பார்வைக்கு உறுதியாய்த் தோன்றும் அது, வெயிலாலும் மழையாலும் ஆண்டுகள் பல நைந்து, ஆளின் பாரம் பட்டவுடன் அறிவிப்பின்றி உடைந்து விழும். அதன்மீது நேரே கால் வைக்கலாகாது. மரச் சட்டங்களின்மேல் அகன்ற பலகை பரப்பி, பாரம் பகிரச் செய்தே நிற்றல் வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் ஒருவர் விழுந்துவிட்டால், நாம் பதறிச் செய்யும் உதவியே அவருக்குத் தீங்காகலாம். இருவர் தோளையும் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டிக்குள் மடித்து அமர்த்துவதால், முறிந்த முதுகெலும்பு முண்ணாணை அறுத்துவிடக்கூடும். நடக்கக்கூடியவராய் இருந்திருக்க வேண்டியவர் வாழ்நாள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரும். அவ்விடத்தில் வேறு ஆபத்து இல்லையாயின் அவரை அசைக்காது, தலையையும் கழுத்தையும் நேராகப் பிடித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி கட்டணமின்றி வரும். குருதி பெருகினால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தல் போதும்.

வேலையின்போது காயமுற்றோருக்கும், இறந்தோரைச் சார்ந்திருந்த குடும்பத்தினருக்கும் நட்டஈடு பெறும் உரிமையை நம் நாட்டில் 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. அதனை அறியாமையால் கையிற் கொடுத்த சிறு தொகையோடு திரும்பிவரும் குடும்பங்கள் உள. விபத்து நடந்தவுடன் நாள், இடம், வேலை கொடுத்தவர் பெயர், கண்டவர் பெயர் ஆகியவற்றை எழுதிவைத்துத் தொழில் திணைக்களத்தை நாடுதல் வேண்டும். எழுத்தறிந்த பிள்ளை ஒன்று வீட்டிலிருந்தால் அதுவே இப்பணியைச் செய்துவிடலாம்.

ஒருவன் வீழ்ந்து இறந்தால் 'விதி' என்று கூறி அமைகின்றோம். துயருற்றோரைத் தேற்றுதற்கு அச்சொல் உதவலாம். அடுத்தவனைக் காப்பதற்கு உதவாது. பத்து இலட்சம் டொலருக்கு ஓர் உயிர் என்பதும் ஒருகாலத்தில் விதியைப்போன்றே பேசப்பட்டது. கயிற்றால் முடைந்த ஒரு வலை அக் கணக்கைப் பொய்யாக்கிற்று. முப்பத்தைந்து என்று எதிர்பார்த்த இடத்தில் பதினொன்று. அப் பதினொன்றிலும் பத்து, மேடையின் பிடியைச் சற்று உறுதியாக அமைத்திருந்தால் நேர்ந்திராதவை.

இனி நம் வீட்டுக் கூரையில் ஒருவன் ஏறும்போது, கூலி எவ்வளவு, வேலை என்று முடியும் என்று கேட்பதற்கு முன், அவன் எதன்மீது நிற்கின்றான் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்போமாக. பலகை ஆடினால் வேலையை நிறுத்தி வேறு பலகை போடச் சொல்வோமாக. அதனால் அரை நாள் தாமதமாகலாம். அவ் அரை நாளுக்கு ஈடாக, மாலையில் அவன் தன் வீட்டுக்குப் போய்ச் சேருவான்.